மாரிசெல்வி சொன்ன கிறக்கம்

ஒரே அறை, மூன்று பேர். மூன்று பேரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து குழம்பை மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் கிறக்கம் மட்டும் மாரிசெல்வி ஒருத்திக்குத்தான் வருகிறது. அதுவும் தினமும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை இரண்டு தடவை வந்தது. வீட்டில் இருக்கிற நாளில் வருவதே கிடையாது.

நான் அந்த அச்சகத்துக்குப் போனது இதற்காக இல்லை. நான் ஆப்செட் மெஷின் மெக்கானிக். திருத்தங்கல்லிலும் சிவகாசியிலும் இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. மொதலாளி சீனிவாசகம் போன் பண்ணி, மெஷினில் ஓரத்தில் மை சரியாகப் பிடிக்கவில்லை, வந்து பார் முனியராஜ் என்றார். வியாழக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஆடி மாதம். மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் பைக் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடியது.

அறையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். நீளமான அறை. நடுவில் ஒற்றைக் கலர் ஆப்செட் மெஷின், ஓரடி உயரக் கான்கிரீட் மேடையில் நிற்கிறது. மேடைமேல் ஏறி நின்று மெஷினை ஓட்டுகிறவன் வெள்ளைத்துரை, என் பழைய கூட்டாளி. மெஷினுக்குப் பக்கத்தில் உயரமான மேசை. அதில் அச்சான தாள்களைத் தட்டி அடுக்குகிறவள் பாண்டிச்செல்வி. அவளும் நின்றுகொண்டுதான் வேலை பார்ப்பாள். கிழக்கு மூலையில் ஒரு சாக்கை விரித்து, காலை மடக்கி உட்கார்ந்து, பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள்களில் மை அழிந்தது, கோணலானது எல்லாவற்றையும் கழித்துக்கொண்டிருப்பவள் மாரிசெல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும். கழித்தது போக நல்ல லேபிள்களை அடுத்த அறையில் இருக்கிற கட்டிங் மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவள்தான்.

அந்தக் கட்டிங் மெஷினால்தான் பிரச்சினை. ஐந்நூறு தாளை ஒரே அழுத்தில் வெட்டுகிற கத்தி அது. செவ்வாய்க்கிழமை மாரிசெல்வி லேபிள் கட்டோடு எழுந்து போனவள், அந்த மெஷினுக்கு இரண்டடி முன்னால் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தாள். பாண்டிச்செல்வி பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். கேட்டைத் தாண்டும்போதே மாரிசெல்வி தெளிந்துவிட்டாள். பிரஷர் சரி, சர்க்கரை சரி, ரத்தம் சரி. டாக்டர் சீட்டில் 'மயக்கம்' என்று எழுதி, திரும்ப வந்தால் மதுரையில் தலையை ஸ்கேன் பார்த்துவிடலாம், வலிப்பாக இருந்தால் தெரிந்துவிடும் என்றார்.

மொதலாளி சீட்டைப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை கை போய்விட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வேன் என்றார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

நின்றுகொண்டால் மாரிசெல்விக்குப் போக ஒரே இடம்தான் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. புகை நிறைந்த அறையில் தரையோடு தரையாகப் படுத்து, நெஞ்சால் ஊர்ந்து வெளியே வந்தாள். நின்றபடி ஓடியவர்களுக்கு மூச்சு கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் மகள் ஓவியா, நீ இனிமேல் அங்கே போனால் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொன்னதில்தான் இந்த அச்சக வேலைக்கு வந்தாள். இப்போது பழைய கம்பெனி வேன்காரர் திங்கட்கிழமையிலிருந்து வருகிறாயா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பாண்டிச்செல்வி. சொல்லும்போதே அவளிடம் ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. மாரிசெல்வி இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்து போகிறாள். வயிறு காய்கிறது, ஆத்தா கூப்பிடுகிறாள், அவ்வளவுதான் என்றாள்.

மெஷின்மேல் நின்றிருந்த வெள்ளைத்துரை, "ஆத்தா மேலருந்து கூப்பிட்டா மேடையில நிக்குற எனக்கும் கேக்கணும்லா. எனக்கு ஒரு கிறக்கமும் வரலையே. அத யாராவது வாங்கிக் குடுத்தா நானும் ரெண்டு நாளு லீவு போட்டுப் படுப்பேன்" என்றான்.

மாரிசெல்வி லேபிளிலிருந்து தலையை எடுக்காமல், "காலையில ஆறு இட்லி தின்னுட்டுத்தான் வந்தேன். விரதம் ராத்திரிக்கு மட்டுந்தான்" என்றாள்.

நான் மெஷின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷினில் பழுது என்றாலும் முதலில் ஓட்டுகிறவனிடம், அது என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பேன். கர்ர் என்று இழுத்தால் பேரிங். டக் டக் என்று விட்டுவிட்டு வந்தால் பல்சக்கரத்தில் ஒரு பல். கிரீச் என்றால் எண்ணெய் இல்லை. அவன் சொல்கிற சொல்லையே நான் பிடித்துக்கொள்வேன். 'ஏதோ சத்தம் வருது' என்று பொதுவாக மாற்றி எழுதிவிட்டால் பழுது கைநழுவிப் போய்விடும். பக்கத்திலேயே நாள் முழுக்க இருக்கிறவன் வாயில் வருகிற சொல்லில் பாதி விடை இருக்கும்.

அதனால் அவளிடம் போய், எப்படி வருது, மயக்கம் மாதிரியா என்று கேட்டேன்.

"மயக்கம் இல்ல அண்ணாச்சி. கிறக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதான" என்றாள் பாண்டிச்செல்வி.

"எப்படி ஒண்ணாகும்? மயக்கத்துல நீ பேசுறது எனக்குக் கேக்குமா? அன்னைக்கு நீ என்னைய எம்புட்டு கனம்னு வஞ்சதெல்லாம் கேட்டுச்சு. கண்ணு தொறந்துதான் இருக்கு. எல்லாம் தூரத்துல இருக்கு. கை என் கையில்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "சங்கு சக்கரம் மருந்து தீந்த பொறவும் நாலு சுத்து சுத்திட்டுத்தான நிக்கும். தீ அணைஞ்சிருக்கும், சுத்து மட்டும் இருக்கும். அந்த நாலு சுத்துதான் அண்ணாச்சி கிறக்கம். மயக்கம்னா சக்கரமே விழுந்து கெடக்குறது."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதை டாக்டரிடம் சொன்னாயா என்றேன். அவர் மயக்கமா என்று கேட்டார், இந்த அக்கா ஆமாம் என்றது, அவர் எழுதிவிட்டார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்.

"அது வாறப்பம் சிரிப்பு வருது அண்ணாச்சி. ஒண்ணுமில்லாததுக்கு. அத எப்படி டாக்டர்ட்ட சொல்ல?"

டீ குடிக்கப் போன இடத்தில் அந்தச் சொல்லே மனதில் ஓடியது. போனில் அகராதியைத் தேடிப் பார்த்தேன். கிறங்கு என்றால் தலை சுற்று, சோர்ந்து போ, ஒன்றில் சொக்கிப் போ என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பழைய சொல் ஒன்று, கறங்கு. சுழலுவது என்று பொருள். காற்றில் சுற்றுகிற காற்றாடிக்கும் கறங்கு என்று பெயர். கிறக்கமும் கறங்கும் ஒரு வேரா என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் மெக்கானிக். ஆனால் கையை விரித்துக்கொண்டு சுற்றுகிற பிள்ளைகள் சட்டென்று நின்றதும், உடம்பு நின்றுவிட உலகம் மட்டும் சுற்றுமே, அதற்கு நம் பக்கத்தில் என்ன பெயர் என்று கேட்டால் கிறக்கம் என்றுதான் யாரும் சொல்வார்கள். கிறுகிறு என்று வருகிறது என்பதிலும் அந்தச் சுழற்சிதான் இருக்கிறது. ஆக, பெயரை வைத்தவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மயக்கத்தில் நினைவு போகிறது. கிறக்கத்தில் நினைவு இருக்கிறது, நிலைதான் போகிறது.

சரி, எது எதனால் கிறக்கம் வரும் என்று கேட்டுக்கொண்டேன். சுற்றினால் வரும். பசித்தால் வரும். வெயிலில் நடந்தால் வரும். குடித்தால் வரும். நல்ல பாட்டைக் கேட்டாலும், மனசுக்குப் பிடித்தவர்களைப் பார்த்தாலும்கூடக் கிறங்கிப்போனேன் என்பார்கள், அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். அவள் சுற்றவில்லை. அறைக்குள் வெயில் இல்லை. ஆறு இட்லி தின்றிருக்கிறாள். மேலும் பசியில் கிறங்கியவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. காரணமில்லாமல் சிரிப்பு வருகிற கிறக்கம் ஒன்றே ஒன்றுதான்.

அதை அவளிடம் போய்ச் சொல்லியிருந்தால் லேபிள் கட்டாலேயே அடித்திருப்பாள். எனக்கும் நம்பிக்கை இல்லை. அங்கேயே விட்டுவிட்டேன். அன்றைக்கு மத்தியானமும் அவளுக்கு வந்தது. வந்ததும் அவள் செய்ததைப் பார்த்தேன். எழுந்து வெளியே போகவில்லை. சாக்கிலேயே கவிழ்ந்து, தரையோடு முகத்தை வைத்துப் படுத்துவிட்டாள். எதற்கு இப்படிப் படுக்கிறாய் என்றதற்கு, தெளிந்த பிறகு, "மூச்சு முட்டுனா கீழதான் அண்ணாச்சி நல்ல காத்து. அன்னைக்கு நான் பொழச்சது அப்படித்தான்" என்றாள். படுத்த பிறகு கிறக்கம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கூடியது. நானும் பாண்டிச்செல்வியும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் தெளிந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உருளையைச் சரிபண்ண மெஷினுக்கு அடியில் போக வேண்டியிருந்தது. வெள்ளைத்துரை அப்போதுதான் கறுப்பு மையை ஓட்டி முடித்து, மஞ்சளுக்காக மெஷினைக் கழுவியிருந்தான். ஒற்றைக் கலர் மெஷினில் நிறம் மாற்றுவது பெரிய வேலை. கறுப்புக்குப் பிறகு மஞ்சள் ஓட்ட வேண்டுமென்றால், மை உருளைகளில் ஒரு பொட்டுக் கறுப்பு இருந்தாலும் மஞ்சள் பச்சையாகிவிடும். அதனால் மையைக் கரைக்கிற தின்னரை ஊற்றி மூன்று தடவை கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் மாதிரியான அழுக்குத் தின்னர் மெஷினுக்கு அடியில் இருக்கிற தட்டில் இறங்கும். துடைத்த துணிகள் பக்கத்திலேயே கிடக்கும்.

அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச்சோடு உள்ளே தலையை விட்டேன். ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. கழற்ற வேண்டியது ஒரே ஒரு நட்டு. ஸ்பேனரை வைத்தேன், வழுக்கியது. திரும்ப வைத்தேன். மூன்றாவது தடவை ஸ்பேனர் வெகுதூரத்தில் யாரோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. என் காலைப் பார்த்தேன், அது வாசலில் இருந்தது. மெஷின் மேலே மெதுவாக ஒரு பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நட்டுக்குத்தான் என்ன பிடிவாதம் என்று நினைத்து நன்றாகவே சிரித்தேன்.

மேலேயிருந்து வெள்ளைத்துரை, "ஏலே முனியராஜ், அடியில என்னலே, படமா ஓடுது?" என்றான்.

அந்தக் குரல் எனக்குக் கேட்டது. கேட்டது என்பதும் தெரிந்தது. கண் திறந்திருந்தது. சக்கரம் மருந்து தீர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. மாரிசெல்வி சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் என் மண்டைக்குள் நடந்துகொண்டிருந்தது.

உருண்டு வெளியே வந்து, மேடையைப் பிடித்து எழுந்து நின்றேன். பத்து மூச்சு. அறை நின்றுவிட்டது. திரும்ப உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் லேசாகச் சுற்றியது. நின்றேன். தெளிந்தது. வெள்ளைத்துரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். தோப்புக்கரணமா, ஆத்தா உனக்கும் சொல்லிவிட்டாளா என்று கேட்டான். நான் அவன் முகத்துக்கும் மாரிசெல்வி முகத்துக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மேடையில் நிற்கிறான். அவன் மூக்கு தரையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது. மேசையில் நிற்கிற பாண்டிச்செல்வியின் மூக்கு ஐந்தடியில். சாக்கில் உட்கார்ந்து குனிந்து லேபிள் கழிக்கிற மாரிசெல்வியின் மூக்கு இரண்டடியில். படுத்துவிட்டால் தரையில்.

தின்னர் சீக்கிரம் காய்கிறது என்று அச்சகத்தில் எல்லோரும் சந்தோஷப்படுவோம். காய்கிறது என்றால் எங்கே போகிறது? ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. புகை சூடாக இருப்பதால் மேலே போகிறது, இது குளிர்ந்தும் கனத்தும் இருப்பதால் தரையில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மாதிரி முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கிறது. அதைச் சுவாசித்தால் சாராயம் குடித்தவனுக்கு வருவதுதான் வரும். கிறக்கம். மாரிசெல்வி அந்தக் குளத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். மூச்சு முட்டியதும் அடி மட்டத்துக்கே போய்ப் படுத்தாள். மருந்து அறையில் அவள் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே அவளை மூழ்கடித்தது. தெரிந்தவள் என்பதால்தான் அவள் அப்படிச் செய்தாள். தெரியாதவளாக இருந்தால் வெளியே ஓடியிருப்பாள்.

வாடை தெரியாதா என்று கேட்கலாம். அச்சகத்தில் காலையிலிருந்து மூக்கில் அந்த வாடைதான். அரை மணி நேரத்தில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும்.

நாள் விஷயமும் சரியாக வந்தது. வெள்ளைத்துரையிடம் செவ்வாய்க்கிழமை என்ன ஓட்டினாய் என்றேன். மூன்று நிறம் மாற்றினேன் என்றான். புதன்கிழமை? பூச்சட்டிப் பட்டாசு லேபிள், முழுக்கச் சிவப்பு, கழுவவே இல்லை. நேற்று? இரண்டு தடவை. போன வருடம் ஏன் யாருக்கும் வரவில்லை என்றதற்கும் அவனே பதில் சொன்னான். அப்போது மண்ணெண்ணெயில் கழுவினார்கள், அது மெதுவாகத்தான் ஆவியாகும். மண்ணெண்ணெய் கிடைக்காமல் போய்ப் பங்குனியிலிருந்துதான் தின்னர். பங்குனியிலிருந்து ஆனி வரை ஏன் வரவில்லை? கதவு இரண்டும் திறந்திருந்தது. ஆடிக் காற்றில் தாள் பறக்கிறது என்று இப்போது சாத்திவைத்திருக்கிறார்கள்.

ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றாள் பாண்டிச்செல்வி. மேற்குச் சுவரில், கூரைக்கு ஒரு முழம் கீழே, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு வழி வேண்டும் என்றேன். மொதலாளி அறையிலிருந்து ஊதுபத்தி எடுத்து வரட்டுமா என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். தின்னர் தேங்கிய அறையில் ஊதுபத்தி. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பூ கட்டுகிற நூலில் ஒரு முழம் அறுத்து, ஸ்கேல் நுனியில் கட்டிக் கொடுத்தாள்.

நூலை ஃபேன் பக்கத்தில் பிடித்தால் ஃபேனைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்தது. கொஞ்சம்தான், வெளியே மேற்கேயிருந்து அடிக்கிற காற்று எதிரே நின்று தள்ளிக்கொண்டிருந்தது. தலை உயரத்தில் லேசாக ஆடியது. முழங்காலுக்குக் கீழே கொண்டு வந்தேன். தொங்கியது. மாரிசெல்வியின் மூலையில், இரண்டடி உயரத்தில், செத்த நூல் மாதிரி நேராகத் தொங்கியது.

"இங்கன தண்ணி போறதுக்கு ஓட்டை இருந்திருக்கணுமே" என்று கிழக்குச் சுவரைத் தடவினேன். தரையை ஒட்டி மூன்று ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அகலம். மூன்றிலும் சாக்குத் துணி கெட்டியாக அடைத்திருந்தது.

மாரிசெல்வி எழுந்து நின்றாள். "நாந்தான் அண்ணாச்சி அடச்சேன். ஆடி பொறந்த அன்னைக்கு. தூசி வந்து லேபிள்ல ஒட்டுதுன்னு."

வெள்ளைத்துரை, "அம்புட்டு கருத்தா வேல பாக்காதன்னு எத்தன நாளு சொன்னேன்" என்றான். முதலில் சிரித்தது அவள்தான். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது.

மொதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். ஆவி கனம் என்பதையும் கேட்டார், நூலையும் பார்த்தார். இருந்தாலும் டாக்டர் மயக்கம் என்று எழுதியிருக்கிறாரே, நீ கிறக்கம் என்கிறாயே, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது என்றார். நான் அவரை மாரிசெல்வியின் சாக்கில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். மனிதர் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத்துரை தின்னரை ஊற்றி மெஷினை இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், ஒரு கண் அவர்மேலேயே இருந்தது.

முதலில் அவர் ஒரு லேபிளை எடுத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது லேபிளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு பூச்சட்டிப் படம். அதைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். ஏழு வருடமாக அங்கே வேலை பார்க்கிற பாண்டிச்செல்வி அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தேன். காற்றில் நின்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மயக்கம் இல்ல முனியராஜ்" என்றார். "நீங்க பேசுறதெல்லாம் கேட்டுச்சு. இது... கிறக்கம்."

அவருக்குப் பின்னால் மாரிசெல்வி நின்றிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொன்னார், கழிக்க வேண்டிய லோடு நிறையக் கிடக்கிறது என்றார். அவள் தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட் பக்கம் போய்ப் போனை எடுத்து வேன்காரருக்குப் பேசினாள். வரல அண்ணே, வேற ஆளப் பாத்துக்கிடுங்க என்று அவள் சொன்னது இங்கே வரை கேட்டது. பிறகு ஓவியாவுக்குப் பேசினாள். அது கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினாள்.

சனிக்கிழமை வேலை நடந்தது. ஃபேனைக் கீழே இறக்கி, தரையோரம் மாட்டி, ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளலாமே என்று மொதலாளி சொன்னார். முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் ஆவி முழுவதும் மோட்டார் வழியாகப் போகும். மோட்டாரில் ஒரு பொறி வந்தால் போதும், கிறக்கத்தைப் பற்றிப் பேச யாரும் இருக்கமாட்டோம். மோட்டாரின்மேல் நல்ல காற்று மட்டுமே பட வேண்டும். அதற்கு ஃபேன் உறிஞ்சக் கூடாது, ஊத வேண்டும். மேற்கேயிருந்து அடிக்கிற ஆடிக் காற்றும் அப்போது நமக்கு எதிராக நிற்காமல் கூட வந்து தள்ளும். தூசிக்கு என்ன செய்ய என்று மாரிசெல்வி கேட்டாள். கேட்டவளே வீட்டிலிருந்து பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டாக மடித்து, ஃபேனுக்கு வெளிப்பக்கம் இழுத்துக் கட்டினாள். சாக்குத் துணியை எடுத்துவிட்ட தரையோர ஓட்டை வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டே இருப்பதால், அந்த வழியாகவும் தூசி உள்ளே வராது.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது, தளர்ந்திருந்த ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டேன். எல்லாத் தின்னர்த் துணியையும் மூடி போட்ட தகர டின்னில் போட்டோம். ஒவ்வொரு தடவை மெஷினைக் கழுவியதும் அடித்தட்டைக் காலி பண்ணச் சொன்னேன். மாரிசெல்விக்கு மொதலாளி ஒரு மேசையும் ஸ்டூலும் போட்டார். அவள் ஸ்டூலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். வெள்ளைத்துரை கறுப்பை ஓட்டினான், கழுவினான், மஞ்சள் ஓட்டினான், கழுவினான், சிவப்பு ஓட்டினான். ஒவ்வொரு கழுவலுக்கும் நான் அவளுடைய பழைய மூலையில், சாக்கில் உட்கார்ந்து பார்த்தேன். நட்டு நட்டாகத்தான் இருந்தது, கால் காலாகத்தான் இருந்தது. சிரிப்பு வரவில்லை. பாண்டிச்செல்வியின் நூலைத் தரையோரம் பிடித்தபோது அது ஓட்டையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு நடுங்கியது.

இன்னும் யாருக்காவது கிறக்கம் வருகிற அச்சகம் இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். மேலே இருக்கிற ஃபேனைக் கழற்றி, வெளிக்காற்றை உள்ளே ஊதும்படி திருப்பி மாட்ட வேண்டும். எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி இருக்கிற ஓட்டைகளைத் திறந்துவிட வேண்டும்.